பவுன் சொன்ன முக்கால்

ஒரு கால்பந்தாட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

பவுன் அக்கா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு மணி ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும், இதில் என்ன கேள்வி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பவுனுக்கு நாற்பத்து நாலு வயது. வீடு விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே. அப்பா போளூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். பவுன் பிறந்தது, பத்தாவது வரை மராத்தியில் படித்தது, ஜம்புவைக் கட்டிக்கொண்டது எல்லாம் புனேயில்தான். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. தமிழ் எழுத்தைக் கண்டால் கூட்டிக்கூட்டிப் படிப்பார். அதற்குள் ஜம்பு, "முடிக்கிறதுக்குள்ள நான் குளிச்சுட்டு வந்துடறேன்" என்பார்.

வேலை போசரியில். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிஃப்ட் பஸ்கள் முப்பத்தொன்று நிற்கிற ஒரு கொட்டடி. முதலாளி கோண்டே ஷேட். எந்த பஸ் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆளை ஏற்றி எந்தத் தொழிற்சாலை வாசலில் எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது பவுன். பத்தொன்பது வருஷமாக இதுதான். ஷிஃப்ட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் தொழிலாளிக்கு அரை நாள் போய்விடும். அதனால் அட்டவணை என்பது அவருக்கு வெறும் தாள் இல்லை.

கொட்டடியில் பவுன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எங்கே இருக்கிறாய் என்று புனேயில் எந்த டிரைவரைக் கேட்டாலும் வருகிற பதில் "பாச் மினிட்". அவன் வீட்டில் அவல் உப்புமா தின்றுகொண்டிருந்தாலும் அஞ்சு நிமிஷம்தான், வண்டி பஞ்சராகி நின்றாலும் அஞ்சு நிமிஷம்தான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், ஒரு நாள் பவுன் தகரச் சுவரில் பெயின்டால் மராத்தியில் எழுதிவிட்டார்: "நிமிஷம் சொல்லாதே, இடம் சொல்." அன்றிலிருந்து எந்த டிரைவரும் போனில் நிமிஷம் சொல்வதில்லை. எந்தச் சிக்னல், எந்தப் பாலம், எந்த வாசல் என்று சொல்வார்கள். மிச்சக் கணக்கைப் பவுன் பார்த்துக்கொள்வார்.

இந்தச் சுவரைப் பார்த்துத்தான் ராஜஸ்ரீ நின்றார்.

ராஜஸ்ரீ கோல்ஹாப்பூர்க்காரர். ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவர்; பந்து பட்டுப் பட்டு இரண்டு கையிலும் விரல்கள் கோணலாகியிருக்கும். இப்போது பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான நான்கு நாட்டுக் கால்பந்துப் போட்டியைப் புனேயில் நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது. இந்தியா, நேபாளம், பூட்டான், மாலத்தீவு. பத்து நாளில் ஆறு ஆட்டம். பஸ் பார்க்கத்தான் போசரிக்கு வந்தார். சுவரைப் படித்தார், பக்கத்தில் தொங்கிய அட்டவணையைப் படித்தார், "இதைப் போட்டது யார்?" என்று கேட்டார்.

கோண்டே ஷேட் பவுனைக் கைகாட்டினார்.

"தாயி, எனக்கு பஸ் மட்டும் போதாது, நீங்களும் வேணும்" என்றார் ராஜஸ்ரீ. மராத்தியில் தாயி என்றால் அக்கா. "இந்த நாலு நாடு சிக்கலில்லாமல் முடிஞ்சா, மார்ச் மாசம் எட்டு நாடு வருது. கோல்ஹாப்பூரிலும் புனேயிலும். அதுக்குப் போக்குவரத்து அட்டவணை மேசை உங்களுக்கு. சிக்கலாச்சுன்னா மும்பையிலிருந்து ஒரு கம்பெனி வந்து உட்காரும். எனக்கு அதில் பேச்சு இருக்காது."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது ஜம்பு வெல்டிங் பொறி பட்ட சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நாலு நாட்டுப் பொண்ணுங்கள நீ கட்டி மேய்க்கப் போறியா? நம்ம வூட்டு கேஸ் சிலிண்டர் எப்ப வரும்னு உனக்குத் தெரியாது."

"சிலிண்டர்காரன் நிமிஷம் சொல்றான். இடம் சொன்னா தெரியும்."

"அந்தம்மா உன்னத் தாயின்னு கூப்புடுது. அக்காவே தாயின்னா, இவங்க அம்மாவ இன்னான்னு கூப்புடுவாங்க?"

"ஆயி."

"நல்ல ஊருடா இது" என்றார் ஜம்பு. அவருக்கு அதே ஊரில்தான் நாற்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

அவர் கிண்டல் செய்தாலும் பவுனுக்கு உள்ளே ஓர் ஆசை விழுந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவர் போட்ட அட்டவணை எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. மேலே கோண்டே ஷேட் கம்பெனியின் முத்திரை, கீழே தேதி, அவ்வளவுதான். ராஜஸ்ரீ காட்டிய பழைய போட்டி ஒன்றின் தாளில் மட்டும் ஓரத்தில், அட்டவணை போட்டவர் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. அந்த இடத்தையே பவுன் ரொம்ப நேரம் பார்த்தார்.

வேலை பழகப் பழக, இதுவும் ஷிஃப்ட் மாதிரிதான் என்று தெரிந்தது. ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. ஓர் அணி ஆடிவிட்டால் நடுவில் ஓய்வு நாள் கொடுக்க வேண்டும். இரண்டு அணி ஒரே நேரத்தில் பயிற்சி மைதானத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது. ஆட்டத்துக்கு எண்பது நிமிஷம் முன்னால் பஸ் மைதானத்துக்குள் இருக்க வேண்டும். காலில் பட்டை சுற்ற வேண்டும், உடம்பைச் சூடாக்க வேண்டும், பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். ஏழு மணி ஆட்டம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். அதற்கு எவ்வளவோ நேரம் முன்னால் ஹோட்டல் வாசலில் பஸ் கதவு திறக்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

ஒன்று மட்டும் பவுனுக்குப் புரியவில்லை. கடைசி நாளின் இரண்டு ஆட்டமும் இரண்டு மைதானத்தில், அதே நிமிஷத்தில் தொடங்க வேண்டும் என்று விதியில் இருந்தது.

"எதுக்குத் தாயி? ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு வச்சா எனக்கு பஸ் மிச்சம்."

"முதல் ஆட்டம் முடிஞ்சிட்டா, ரெண்டாவதா ஆடுறவங்களுக்கு எத்தனை கோல் போதும்னு தெரிஞ்சிடும். அப்புறம் யாரும் உசிரைக் கொடுத்து ஆட மாட்டாங்க. பேசி வச்சுக்கூட ஆடலாம்."

"ஓ. அப்ப ரெண்டும் ஒரே ஷிஃப்ட்."

"ஒரே ஷிஃப்ட்" என்று ராஜஸ்ரீ ஒத்துக்கொண்டார்.

ஒவ்வோர் அணியோடும் உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருப்பார். பூட்டான் அணிக்குச் சந்துரு. கோயம்புத்தூர்ப் பையன், இருபத்தாறு வயது, ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை. புனே வந்து நாலு மாதம்தான். கால்பந்துப் பைத்தியத்தில் லீவு போட்டுவிட்டுத் தொண்டு செய்ய வந்திருந்தான். இங்கிலீஷில் வெளுத்து வாங்குவான். ஹிந்தி, மராத்தி இரண்டும் சேர்த்து ஒன்றிலிருந்து பத்து வரை தெரியும். பவுன் தமிழ் பேசுகிறார் என்று தெரிந்ததும் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டான்.

"இந்த ஊர்ல தமிழ்ல திட்டு வாங்கக்கூட ஆளில்லாம இருந்தேனுங்க்கா."

"அதுக்கின்னா, நான் திட்றேன்" என்றார் பவுன்.

முதல் நாலு ஆட்டமும் கடிகாரம் போல நடந்தன. எட்டு நாளில் எந்த பஸ்ஸும் பிந்தவில்லை. பூட்டான் பெண்கள் ஒன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்திருந்தார்கள். கடைசி ஆட்டம் நேபாளத்தோடு. அதில் சமன் செய்தாலே இரண்டாவது இடம். அவர்கள் நாட்டின் அந்த வயதுப் பெண்கள் அதுவரை வெளிநாட்டில் எந்தப் போட்டியிலும் இரண்டாவதாக வந்ததில்லை என்று சந்துரு சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு ஐப்பசி மழை கொட்டியது. காலையில் பாலேவாடி மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது. ஐந்து மணிக்கு வைத்திருந்த இரண்டு ஆட்டத்தையும் ராஜஸ்ரீ ஏழு மணிக்குத் தள்ளினார். பவுன் உடனே எல்லா வண்டிக்கும் புது நேரம் போட்டு எழுதினார். ஆனால் மேலிடத்தில் கையெழுத்தாகாத அட்டவணையை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பது விதி. கையெழுத்துப் போடுகிறவர் பிம்ப்ரிப் பக்கத்து இன்னொரு மைதானத்தில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பவுன் போனை எடுத்து ஒவ்வோர் அணி ஆளுக்கும் தானே நேரம் சொன்னார். இந்தியா, நேபாளம், மாலத்தீவு மூன்று அணி ஆட்களுக்கும் மராத்தியில். சந்துருவுக்குத் தமிழில், அதாவது புனேத் தமிழில்.

"தம்பி, ஆட்டம் ஏழுக்கு மாறிடுச்சு. உன் வண்டி பாவ்ணே பாச்சுக்கு ஹோட்டல் கேட்ல நிக்கும்."

"பாவ்ணேன்னா எவ்வளவுங்க்கா?"

"பாவ்ணேன்னா முக்கால். பாச் தெரியுமில்ல?"

"அஞ்சுங்க. அது தெரியுமுங்க."

"அவ்ளோதான். லேட் பண்ணிடாத."

"சரிங்க்கா."

அரை நிமிஷம்கூட ஆகாத பேச்சு. பவுன் தாளில் பூட்டானுக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.

சாயங்காலம் பாலேவாடி மைதானத்தில் ஒரு கூடாரத்துக்குக் கீழே பவுனுடைய மேசை. நாலு நாற்பத்தைந்துக்கு டிரைவர் சலீமிடமிருந்து போன் வந்தது. சலீமுடைய தாத்தா வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்தவர். பேரன் பவுனிடம் கலப்புத் தமிழ் பேசுவான்.

"அக்கா, விமான் நகர் ஹோட்டல் கேட்ல நிக்கிறேன். ஒரு பொண்ணையும் காணோம். சவுக்கிதார் வேற தடியக் காட்றான், வண்டிய எடுன்னு."

பவுன் சந்துருவைக் கூப்பிட்டார்.

"எங்க தம்பி, பொண்ணுங்க?"

"ரூம்ல படுத்திருக்காங்கக்கா. கோச் ஒரு தூக்கம் போடச் சொன்னாரு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்களே."

"எந்த ஒரு மணி நேரம்?"

"அஞ்சே முக்காலுக்குத்தானுங்க வண்டி? நீங்கதான் சொன்னீங்க."

பவுன் தான் சொன்னதைத் தானே மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பாவ்ணே, முக்கால். பாச், அஞ்சு. இரண்டும் சரி. சேர்த்தால் தப்பு. மராத்தியில் பாவ்ணே பாச் என்றால் ஐந்துக்குக் கால் மணி குறைவு. தமிழில் அதற்கு நாலே முக்கால் என்று பேர். முக்கால் என்றால் தமிழன் முடிந்த மணியிலிருந்து மேலே எண்ணுகிறான், மராத்திக்காரன் வரப்போகிற மணியிலிருந்து கீழே எண்ணுகிறான். பவுனுக்குப் பிறந்ததிலிருந்து இரண்டும் ஒன்றாகவே பழகிவிட்டதால் நடுவில் ஒரு மணி நேரப் பள்ளம் இருப்பது தெரியாமலே போயிற்று. கோயம்புத்தூர்ப் பையன் நேராக அதில் விழுந்துவிட்டான்.

"உனக்குச் சந்தேகம் வரலியா? அஞ்சே முக்காலுக்குக் கெளம்பினா எப்பப்பா வந்து சேர்றது?"

"கொஞ்சம் லேட்டாத்தான் தோணுச்சுங்க. ஆனா எட்டு நாளா உங்க டைம் ஒரு தடவ கூட தப்பலீங்களே. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு விட்டுட்டேன்."

"எழுப்பு. எல்லாத்தையும் எழுப்பு. பட்டைய பஸ்ல சுத்திக்கட்டும்" என்றார் பவுன்.

பெண்கள் எழுந்து, பை கட்டி, எண்ணிப் பார்த்து பஸ் ஏறும்போது ஐந்து இருபது. நாலே முக்காலுக்குப் புறப்பட்டிருந்தால் ஐம்பது நிமிஷத்தில் வந்துவிடும் தூரம். ஐந்தரைக்கு மேல் அவுந்த் வழியில் ஹிஞ்சவடிக் கம்பெனி வண்டிகள் எல்லாம் ஊருக்குள் திரும்பும். அந்த நேரத்தில் அந்தச் சாலையைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது.

சலீம் மறுபடியும் கூப்பிட்டான். "அக்கா, நான் ஓட்டிருவேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கோண்டே ஷேட்டுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. அவரும் கூப்பிட்டார். "பவுன், வாயைத் திறக்காதே. லேட்டானா ட்ராஃபிக்னு சொல்லிடலாம். புனேயில் ட்ராஃபிக்கை யார் இல்லேன்னு சொல்லப் போறான்? நீயா போய்ச் சொன்னா மார்ச் மாச வேலை போச்சு."

அவர் சொன்னது பொய்யில்லை. ட்ராஃபிக் மேல் பழி போட்டால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பவுன் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கூடாரத்துக்கு வெளியே நேபாளப் பெண்கள் ஏற்கனவே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிம்ப்ரியில் இன்னும் இரண்டு அணி. அவர்கள் எல்லாரும் ஏழு மணியை நம்பி ஓடி, குதித்து, உடம்பைச் சூடாக்குவார்கள். ஆறு ஐம்பதுக்கு "பூட்டான் வரவில்லை" என்று சொன்னால் நாலு அணியும் வேர்வை ஆறிப்போய் நிற்க வேண்டும். பூட்டானை ஆட விடலாமா, வேண்டாமா என்று அந்த நேரத்தில் ஆளாளுக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்கள். இப்போதே தெரிந்தால் அப்படியில்லை. இப்போது இது ஒரு நேர மாற்றம் மட்டும்தான்.

போசரியில் எந்த டிரைவராவது இப்படி மறைத்திருந்தால் அவனை என்ன சொல்லியிருப்பேன் என்று பவுன் யோசித்தார். யோசித்ததும் கால் தானாகவே நடக்க ஆரம்பித்தது.

ராஜஸ்ரீ மைதான ஓரத்தில் ஈரப் புல்லைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, பூட்டான் வண்டி முப்பத்தஞ்சு நிமிஷம் பிந்திக் கெளம்பியிருக்கு. தப்பு என்னுது. நான் அந்தப் பையனுக்கு நேரத்தைத் தப்பாப் புரியறமாதிரி சொல்லிட்டேன்."

ராஜஸ்ரீயின் முகம் இறுகியது. கோணல் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தார். அவர் கோபமாக இருந்தால் அப்படித்தான்.

"எத்தனை நிமிஷம் ஆகும் வர?"

"நிமிஷம் சொல்ல மாட்டேன், தாயி."

"பவுன் தாயி, இது உங்கள் கொட்டடி இல்லை."

"தெரியும். ஆனா நான் இப்ப நிமிஷம் சொன்னா அது ஆசை, கணக்கில்லை. இடம் சொல்றேன். சலீமை அவுந்த் பக்கம் விடலை. கட்கி வழியா சாங்விக்கு இறக்கி, பிம்ப்ளே நிலக் உள்ளே புகுந்து வாகட் வழியா வரச் சொல்லியிருக்கேன். எங்க ஷிஃப்ட் பஸ் போற பாதை. ஆறு மணிக்குள்ள சாங்வியைத் தாண்டிட்டா, ரெண்டு ஆட்டத்தையும் ஏழே காலுக்கு வைக்கலாம். தாண்டலேன்னா நானே ஓடி வந்து சொல்றேன், நீங்க ஏழரைன்னு போடுங்க. ஆறு மணிக்கு முடிவு தெரிஞ்சிடும்."

ராஜஸ்ரீ போனை எடுத்து ஆட்ட ஆணையரைக் கூப்பிட்டார், பிம்ப்ரி மைதானத்தைக் கூப்பிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே செய்தி: ஆறு மணி வரை யாரும் உடம்பைச் சூடாக்க ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு சலீம்: "விஷ்ராந்த்வாடி சௌக், அக்கா."

ஐந்து நாற்பத்தொன்பதுக்கு: "கட்கி ஸ்டேஷன். உள்ள பொண்ணுங்க பாட்டு பாடுதுங்க. நல்லாத்தான் இருக்கு."

"பாட்ட கேட்காத, ரோட்ட பாரு."

ஐந்து ஐம்பத்தைந்து ஆனது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. பவுன் போனை மேசையில் வைத்து அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ராஜஸ்ரீ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு. கோண்டே ஷேட்டின் எண் வந்தது, பவுன் எடுக்கவில்லை.

ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு மறுபடியும் போன்.

"சாங்வி தாண்டிட்டேன் அக்கா. ரக்ஷக் சௌக் சிக்னல். பச்சை விழுந்துடுச்சு."

பவுன் ராஜஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தார். ராஜஸ்ரீ எழுந்து, "ஏழு பதினைந்து" என்று போனில் சொல்லிக்கொண்டே மைதானத்துக்குள் போனார். கையெழுத்துப் போடுகிறவரும் அதற்குள் கிடைத்துவிட்டார். ஏழு பதினைந்து என்று எல்லாக் குழுவிலும் வந்தது, எண்ணில்.

பூட்டான் பஸ் ஆறு இருபத்து மூன்றுக்கு உள்ளே வந்தது. பாதிப் பெண்கள் காலில் பட்டை சுற்றி முடித்திருந்தார்கள். பயிற்சியாளர் இறங்கி நேராக உடை மாற்றும் அறைக்குப் போனார். சந்துரு கடைசியாக இறங்கினான், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, எனக்கு இந்த ஊரே வேண்டாமுங்க."

"எனக்கும் இன்னைக்கு வேணாந்தான். போ, தண்ணி எடுத்துக் குடு அதுங்களுக்கு."

ஏழு பதினைந்துக்கு இரண்டு மைதானத்திலும் ஒரே நிமிஷத்தில் விசில் ஊதினார்கள். பவுன் முதல் தடவையாக ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தார். பூட்டான் முதலில் ஒரு கோல் போட்டது. நேபாளம் திருப்பிப் போட்டது. கடைசிப் பத்து நிமிஷம் பந்து பூட்டான் கோல் வாசலை விட்டு நகரவே இல்லை. பவுன் சொன்னார்: "அப்ப நானும் நிமிஷம்தான் எண்ணினேன். வேற வழி இல்ல." ஒன்றுக்கு ஒன்று. பூட்டானுக்கு இரண்டாவது இடம்.

திரும்பிப் போக பஸ் ஏறும்போது அந்த அணியின் கோல்கீப்பர் பெண், சந்துரு காதில் ஏதோ கேட்டுக்கொண்டு பவுனிடம் வந்தாள். "தேங்க்யூ, ஃபைவ் ஃபார்ட்டிஃபைவ் மேடம்" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பவுனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அறிக்கைக்காக ராஜஸ்ரீ காரணம் கேட்டார். பவுன் பாவ்ணேயையும் முக்காலையும் தாளில் எழுதிக் காட்டினார். ராஜஸ்ரீக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனாலும் "எழுதத்தான் வேணும், தாயி" என்றார்.

"எழுதுங்க."

அதன் பிறகு பவுன் போசரிக்கே போனார். கோண்டே ஷேட் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பஸ் பஞ்சரானதும் தானாகவே பேசினார். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஜம்பு கிண்டல் செய்வதையே நிறுத்திவிட்டார். அதுதான் பவுனுக்கு அதிகம் வலித்தது. மும்பைக் கம்பெனி வந்துவிட்டது போல என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ராஜஸ்ரீ போன் செய்தார். அறிக்கையில் இருந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டினார். "இரண்டு ஆட்டமும் பதினைந்து நிமிஷம் பிந்தின. காரணம், நேரத்தைச் சொல்வதில் மொழிக் குழப்பம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் முன்பே போக்குவரத்துப் பொறுப்பாளர் தானாக வந்து தெரிவித்ததால் வேறு பாதிப்பு இல்லை."

"மேலே இருக்கிறவங்க கேட்டாங்க, யார் அந்தப் பொறுப்பாளர்னு" என்றார் ராஜஸ்ரீ. "பத்து போட்டியில் ஒன்பது போட்டி பிந்துது, ஒருத்தரும் முன்கூட்டிச் சொன்னதில்லை, இவங்களையே வச்சுக்கோங்கன்னாங்க. மார்ச்சுக்கு வர்றீங்களா?"

"எத்தனை மணிக்கு வரணும்?"

"எண்ணில் சொல்லட்டுமா?"

மார்ச் மாதத்துக்கான முதல் கூட்டம் கோல்ஹாப்பூரில் நடந்தது. எட்டு நாடுகளுக்கான தொண்டர்கள் நாற்பது பேர். மராத்தி, ஹிந்தி, கன்னடம், கொங்கணி, தமிழ் என்று ஆளுக்கொரு பேச்சு. சந்துருவும் இருந்தான், "இந்த ஊரே வேண்டாம்" என்றவன் முதல் வரிசையில். பவுன் பலகையில் 16:45 என்று எழுதினார். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு மொழியில் அதைப் படிக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு விதமாகப் படித்தார்கள். சிலர் நாலில் தொடங்கினார்கள், சிலர் ஐந்தில் தொடங்கினார்கள். அறை முழுக்கச் சிரிப்பு.

"இனிமே யாரும் அவங்கவங்க வீட்டு மாதிரி படிக்க வேணாம்" என்றார் பவுன். "பதினாறு, நாப்பத்தஞ்சு. இப்படியே சொல்லுங்க. சொன்னத எதிராளி திருப்பிச் சொன்னப்புறம்தான் போன வைக்கணும். வண்டி எங்கன்னு கேட்டா இடம் சொல்லுங்க. தப்பாப் போச்சுன்னா உடனே வந்து சொல்லுங்க, நான் கடிக்க மாட்டேன்."

"திட்டுவாங்க" என்றான் சந்துரு.

அந்த அட்டவணையின் ஒரு பிரதி இப்போது விஷ்ராந்த்வாடி வீட்டில் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில், அட்டவணை: பவுன் ஜம்புலிங்கம். ஜம்பு விருந்தாளிகளிடம் காட்டும்போது தன் பெயர் இருக்கும் பாதியைத்தான் முதலில் விரலால் தொடுவார்.

இதைப் படித்தவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். வேறு மொழி பேசும் ஊரில் வேலைக்குப் போயிருக்கிற ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். பவுன் அக்காவின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். தாளில் கொடுக்க முடியாவிட்டால் வாயாலாவது சொல்லுங்கள். மணியை மட்டும் எண்ணில் சொல்லுங்கள்.